கடைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள்

கோவிலம்பாக்கம்
9 ஜூன் 2024

ரோஹிணிக்கு,

எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். மாளவிகாவின் ஃபோனுக்குப் போட்டால், "அம்மா பேச வேணாம்னு சொல்லியிருக்காங்க பெரியம்மா" என்கிறாள். குழந்தையை ஏன் நடுவில் இழுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். தபாலில் வருவதைப் பிரிக்காமல் எறிய மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

மதுக்கடையை மூடிவிட்டார்கள். போன திங்கட்கிழமை லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். வீடு வீடாகக் கேசரி கொடுத்தார்கள். நான் வாங்கி அப்படியே மூடி வைத்துவிட்டேன். அங்கே வேலை பார்த்த மாப்பிள்ளையை இனி எங்கே தூக்கிப் போடுவார்களோ என்ற கவலைதான் எனக்கு. நீ நம்ப மாட்டாய்.

அவருக்கு முதல் நாளே தெரியும், ரோஹிணி. நீ நினைப்பதுபோல நான் ஒளிந்துகொண்டு செய்யவில்லை. அன்றைக்கு நாங்கள் கொஞ்சம் பெண்கள்தான் கடையை மூடச் சொல்லி எதிரே சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக அவர் கடை திறக்கும் முன் நம் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போவார். அன்று வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஷட்டர் பூட்டைத் திறக்கக் குனிந்தவர் திரும்பினார், என்னைப் பார்த்துவிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் சாலையைத் தாண்டி வந்து, "இங்க வெயில் ஏறும்கா. அந்தத் தூங்குமூஞ்சி மரத்துப் பக்கம் தள்ளி உக்காருங்க. அங்கேர்ந்தும் கடை தெரியும்" என்றார். சாயங்காலம் அவரே ஒரு தண்ணீர் கேன் கொண்டுவந்து வைத்தார்.

அவருக்கே என்மேல் கோபம் இல்லை. உனக்கு ஏன் இவ்வளவு?

மாற்றல் எங்கே என்று தெரிந்ததும் ஒரு வார்த்தை சொல். கவுன்சிலர் இப்போது என்னைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிறார். பக்கத்தில் எங்காவது போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்.

அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?

அக்கா
தீபலட்சுமி

•

பெருங்களத்தூர்
20 ஜூன் 2024

அக்காவுக்கு,

பிரிக்காமல் எறியத்தான் நினைத்தேன். இவர்தான் பிரித்துப் படித்துவிட்டு, நான் பார்க்கட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஃபோனில் பேசினால் என் குரல் உயரும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் நானும் எழுதுகிறேன்.

மாற்றல் வந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், உள்ளே தள்ளி. சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. வீடு இருக்கிற இடத்தில் வைத்தால்தான் நீங்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறீர்களே. அந்த ரோடு முழுக்க கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும்தான். பைக்கில் போகிறார். கடை அடைத்துவிட்டு வந்து, ஆறிப்போன சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறார். மாளவிகா அப்பாவைக் காலையில் பார்ப்பதோடு சரி.

அவருக்குக் கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு யார்மேல்தான் கோபம் வந்திருக்கிறது? எம்.காம். படித்துவிட்டு, கம்பி வலைக்குப் பின்னால் நின்று குடிகாரர்களிடம் வசவு வாங்குகிறவர். இத்தனை வருஷமாகியும் வேலை நிரந்தரம் இல்லை. பெண் பார்க்க வந்தபோது 'கவர்மென்ட்ல சேல்ஸ்' என்றார்கள். இன்றைக்கும் மாளவிகா பள்ளியில் அப்படித்தான் சொல்கிறாள். உன் படம் பேப்பரில் வந்ததே, மைக்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஷட்டருக்குப் பக்கத்தில் இவர் தலையும் தெரிகிறது. அவள் கிளாஸில் ஒரு பெண் அதைக் கொண்டுவந்து காட்டி, "இது உங்கப்பாதானே" என்று கேட்டிருக்கிறாள்.

நீ அந்தப் படத்தில் அழகாகத்தான் இருந்தாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வீட்டில் யார் குடிக்கிறார்கள்? மாமா டீயைக்கூட ஆற்றித்தான் குடிப்பார். உன் பையன் புனேயில் இருக்கிறான். உனக்கு என்ன வந்தது? கண்டவர்கள் உட்கார்ந்தால் எனக்குப் புரியும். தங்கை புருஷன் வேலை பார்க்கிற கடை என்று தெரிந்தும் நீ ஏன் போய் உட்கார்ந்தாய்? தெருவுக்கு நல்லது என்ற கதையெல்லாம் வேண்டாம். உண்மையைச் சொல்.

கவுன்சிலரிடம் எதுவும் கேட்காதே. உன் தயவு எங்களுக்கு வேண்டாம்.

அம்மா கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

ரோஹிணி

•

கோவிலம்பாக்கம்
7 ஜூலை 2024

ரோஹிணி,

உன் கேள்வியை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் நான் மைக்கில் பேசியது மாதிரியே இருந்தது.

என்னோடு உட்கார்ந்தவர்களை எடுத்துக்கொள். அருள்மேரி நர்ஸ். குடித்தே ஈரல் கெட்டுப்போன தம்பியை அவள்தான் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டினாள். கன்னியம்மா எங்கள் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், அவள் புருஷன் வேலை விட்டு வருகிற வழியில் கடை. இவர்களைக் கேட்கவே வேண்டாம். ஆனால் பத்ரிநாராயணன் சார் ஏன் வந்தார் தெரியுமா? அவர் ஃபிளாட்டை விற்கப் பார்க்கிறார். வருகிறவர்கள் எல்லாம் வீடு நன்றாக இருக்கிறது என்பார்கள், கீழே இறங்கிக் கடையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அஜீசாவின் தையல் கடை மதுக்கடைக்கு இரண்டு கடை தள்ளி. மத்தியானத்துக்கு மேல் அளவு கொடுக்க ஒரு பெண்கூட வரமாட்டாள். எல்லோரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்தோம், ஒரே கோஷம்தான் போட்டோம்.

எனக்குக் காரணம் இல்லை. அருள்மேரி வந்து மணி அடித்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வராங்க, நீங்க வரீங்களா" என்றாள். எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. முதல் நாள் அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் பார்த்ததும் நாளைக்கு வரக்கூடாது என்று முடிவும் செய்துவிட்டேன். மறுநாளும் மணி அடித்தது.

அப்புறம் ஒரு நாள் மைக்கை என்னிடம் நீட்டினார்கள். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பேசி முடித்ததும் அஜீசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தீபலட்சுமி, நல்லாப் பேசினீங்க" என்றாள். உனக்குச் சிரிப்பாக இருக்கும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து நான் ராகவேந்திரன் சார் வீட்டம்மா. நீ அக்கா என்பாய். அம்மாவுக்குப் பெரியவள். இவருக்கு 'இங்க பாரு'. பையன் புனே போன பிறகு அம்மா என்று கூப்பிடவும் வீட்டில் ஆள் இல்லை. என் பெயரை ஒருவர் முழுசாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் நானே முதல் ஆளாகப் போய்ப் பாய் விரித்தேன்.

இதற்காகவா என்று நீ கேட்பாய். இதற்கு மட்டும் இல்லை. அந்த வழியாகத்தான் தினமும் தயிர் வாங்கப் போவேன். எதையும் பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டியதாகிவிட்டது. யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண், மாளவிகாவைவிடச் சின்னவள், பள்ளி விட்டதும் வந்து கடைக்கு இந்தப் பக்கம் நிற்பாள். உள்ளே போக மாட்டாள். அவள் அப்பா வெளியே வருகிறவரை நின்று, அவர் சட்டையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவாள். தினமும். காரணம் இருந்ததால் நான் உட்காரவில்லை. உட்கார்ந்த பிறகு காரணம் வந்தது. அதற்கப்புறம் எழுந்திருக்க முடியவில்லை.

நடுவில் உன் முகம் வராமல் இல்லை. கடையை மூடினால் கவர்மென்ட் அவருக்கு வேறு இடம் கொடுக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எந்த இடம் என்று யோசிக்கவில்லை.

அக்கா

•

பெருங்களத்தூர்
2 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

உன் லெட்டரை இவர் சத்தமாக வாசித்தார். பத்ரிநாராயணன் சார் ஃபிளாட் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த சார் வாரத்துல ரெண்டு நாள் பின்பக்கமா வந்து குவார்ட்டர் வாங்கிட்டுப் போவாரு, அக்காகிட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

பெயர் கூப்பிட்ட இடம் வந்தபோது நிறுத்தினார். அப்புறம் ஒன்று சொன்னார். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாதது.

மாளவிகா கைக்குழந்தையாக இருந்தபோது கடை ஊழியர்கள் வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லிப் போராட்டம் நடத்தினார்கள். இவரும் போனார். போலீஸ் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து பொழுது சாய்ந்ததும் விட்டார்கள். எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல், உதவிக்கு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம், "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, உள்ள வேலையும் போயிடும்" என்று கத்தினேன். அவர் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

இப்போது சொல்கிறார். "வேலை பர்மனென்ட் ஆகும்னு நான் நம்பல ரோஹிணி. கூட வேலை பாத்த லாசரஸ் கூப்பிட்டான், போனேன். ஆனா அங்க ரோட்ல நின்னு, நான் மதுக்கடை விற்பனையாளர்னு நாலு பேர் கேக்கக் கத்தினேன் பாரு, அன்னைக்கு ஒரு நாள்தான் நான் பாக்கிற வேலைய வாய்விட்டு வெளிய சொன்னேன். அக்கா சொல்றது எனக்குப் புரியுது."

உனக்கும் அவருக்கும் புரிகிறது. சந்தோஷம்.

எனக்குப் புரிவது வேறு. நீங்கள் எல்லாரும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். ஒருவர் கூப்பிட்டார், போனேன் என்கிறீர்கள். வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு, போனவர் திரும்பி வருவாரா, வேலையோடு வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவளை யாரும் கூப்பிடுவதில்லை. அவளுக்கு மைக் கிடையாது.

கோபம் குறைந்திருக்கிறது. போகவில்லை. இப்போது வர வேண்டாம். தீபாவளிக்கு வா. அதற்குள் ஆறிவிடும் என்று நினைக்கிறேன். இவருக்கு உன் காபி வேண்டுமாம். நான் போடுவது தண்ணியாக இருக்கிறதாம்.

ரோஹிணி

•

கோவிலம்பாக்கம்
1 செப்டம்பர் 2024

ரோஹிணி,

தீபாவளிக்கு வா என்று நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். இவரிடமும் காட்டினேன். "போகும்போது என் வேட்டியை இஸ்திரி பண்ணி வை, நானும் வரேன்" என்கிறார் இப்போதே.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்து எடுத்த கடையை ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள், ஆள் மட்டும் வேறு. கன்னியம்மா வீட்டுக்கு நேர் எதிரே. அவள் பாத்திரம் தேய்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "இன்னாக்கா இது, உங்க தெருவுல இருந்தப்ப நானும்தான வந்து குந்திக்கினு இருந்தேன். இப்ப எங்க வூட்டாண்ட வந்துகீது. வாங்க, எல்லாரையும் கூட்டினு வாங்க" என்றாள்.

கூப்பிட்டுப் பார்த்தேன். அருள்மேரி வருகிறேன் என்றாள். அஜீசா கடையில் பெருநாள் ஆர்டர் முடியவில்லை என்றாள், அது பொய் என்று அவளுக்கும் தெரியும். பெருநாள் முடிந்து எவ்வளவோ நாள் ஆகிறது. பத்ரிநாராயணன் சார், "அது நம்ம ஏரியா இல்லையேம்மா" என்றார். ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம்.

நான் போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். உட்காரும் முன் கடையை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு மனிதர், மாப்பிள்ளை வயதுதான் இருக்கும், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்னம்மா வேணும்" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த டிபன் பாக்ஸைக் காலையில் கட்டிக் கொடுத்தவள் ஒருத்தி இருப்பாள் இல்லையா.

கன்னியம்மா வேலைக்கு வருகிறாள். என்னோடு பேசுவதில்லை. பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிறாள்.

நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? மாப்பிள்ளையையும் கேட்டு எழுது.

அக்கா

•

கோவிலம்பாக்கம்
6 அக்டோபர் 2024

ரோஹிணி,

இதை நீ பிரிக்காவிட்டாலும் சரி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் உள்ளே வரவில்லை. தெருமுனையில் மெடிக்கல் ஷாப் ஓரமாக நின்றேன். மாளவிகா எப்படியோ பார்த்துவிட்டு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அவள் இவ்வளவு உயரம் வளர்ந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மாப்பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, நான் வாசற்படி ஏறியபோது நீ தலையைத் தூக்கிப் பார்த்து, "ஜெயிச்சிட்ட இல்ல. போ" என்றாய். சித்தப்பா உன்னை அடக்கப் பார்த்தார். அடக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

வருகிறவர்கள் எல்லாம் எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் ஓட்டி வந்தவன் தூங்கிவிட்டான், உங்கள்மேல் என்ன தப்பு என்கிறார்கள். இவர் விதி என்கிறார். அருள்மேரி ஜெபம் செய்கிறாள். நான் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. கடை இங்கேயே இருந்திருந்தால் அவர் மேடவாக்கம் ரோட்டில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்திருப்பார். மறுநாள் காபிக்கு வந்திருப்பார். எனக்குத் தெரியும்.

யூனிஃபார்ம் போட்ட அந்தப் பெண் இப்போது எங்கள் தெருவில் நிற்பதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்றை எடுத்தால் இன்னொன்று வருகிறது.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

தீபலட்சுமி

•

பெருங்களத்தூர்
19 ஜனவரி 2025

அக்காவுக்கு,

உன்னை மன்னித்து எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாததால் எழுதுகிறேன்.

அவர் வேலைக்குப் பதிலாக எனக்கு ஏதாவது வேலை கேட்டு ஆபீஸுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்கள். அப்புறம் ஒருவர் வந்து, "ஃபைல் மேல போயிருக்கும்மா" என்கிறார். மேலே எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார். போன வாரம் அவர் பெயரையே தப்பாகச் சொன்னார்கள். ஜெயராமன் என்றார்கள். ஜெயகிருஷ்ணன் என்று நான் திருத்தினேன். "அதான்மா, அவருதான்" என்றார்கள்.

லாசரஸ் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். வேலையில் இருக்கும்போது இறந்துபோனவர்கள் குடும்பத்தை எல்லாம் சேர்த்து, செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே உட்காரப்போகிறார்களாம். அடுத்த மாதம். "நீங்க வரணும்மா" என்றார். வர மாட்டேன் என்றேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை. எழுந்து போகும்போது, "ஜெயகிருஷ்ணன் இருந்தா உங்கள கூப்பிட வேணாம்னுதான் சொல்லுவான். எனக்கு அவன் இல்லாம அங்க நிக்க ஒரு மாதிரி இருக்கும்மா, அதான் கேட்டேன்" என்றார்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உட்கார்ந்தால் வேலை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த பெஞ்சில் இன்னொரு தடவை தனியாகப் போய் உட்கார என்னால் முடியாது.

கவுன்சிலரிடம் கேட்கிறேன் என்று நீ எழுதினாய். வேண்டாம் என்று நான் எழுதினேன். கேட்டிருந்தால் நடந்திருக்குமோ நடந்திருக்காதோ. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் உன்மேல் இருக்கிற கோபம் எங்கே போவது என்று தெரியாமல் என்னிடமே திரும்பி வருகிறது.

நான் கேட்க வந்தது இதுதான். முதல் நாள் ரோட்டில் உட்கார்ந்தபோது முகத்தை எப்படி வைத்துக்கொண்டாய்? போகிற பஸ்ஸிலிருந்து எல்லாரும் பார்ப்பார்களே. ஃபோனில் படம் எடுத்தால் என்ன செய்வது? புடவைத் தலைப்பால் மூடிக்கொள்ளலாமா, அது அசிங்கமாக இருக்குமா? கோஷம் போடச் சொன்னால் போட்டுத்தான் ஆக வேண்டுமா?

ரோஹிணி

•

கோவிலம்பாக்கம்
26 ஜனவரி 2025

ரோஹிணி,

காலையிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள். அங்கே பாத்ரூம் இருக்காது, இருந்தாலும் ஆண்கள் நிற்பார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஹோட்டல் இருந்தால் போனதும் பார்த்து வைத்துக்கொள். தார் ரோடு கொதிக்கும், பாய்க்குக் கீழே பேப்பரை மடித்துப் போட்டுக்கொள். ஓரத்தில் உட்காராதே, போலீஸ்காரர்கள் ஓரத்தில் இருப்பவர்களிடம்தான் முதலில் பேசுவார்கள். நடுவில் உன் வயதுப் பெண்ணாகப் பார்த்து உட்கார்.

முகத்தை மூடாதே. மூடினால்தான் படம் எடுப்பார்கள். முதல் அரை மணி நேரம் எல்லோரும் உன்னையே பார்ப்பதுபோல இருக்கும். எனக்கு அழுகை வந்தது. எதிரே ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிரு. நான் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பக்கத்தில் இருப்பவள் ஏதாவது சொல்வாள், குழந்தைக்கு என்ன வயது என்று கேட்பாள், பழகிவிடும்.

கோஷம் போட வேண்டியதில்லை. வாயை அசைத்தால் போதும். தானாகச் சத்தம் வந்தால் வரட்டும்.

மைக் கொடுத்தால் நீளமாகப் பேசாதே. அவர் பெயரைச் சரியாகச் சொல். அது போதும்.

நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். பதில் வராவிட்டால் வர வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று தெரிந்துகொள்கிறேன்.

அக்கா

•

பெருங்களத்தூர்
16 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நான் பதில் போடவில்லை. நீ வந்தாய்.

தூரத்தில் நீங்கள் மூன்று பேரும் வருவதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ மட்டும் வந்திருந்தாலாவது கூட்டத்தில் தெரிந்திருக்காது. அருள்மேரி, உன்னோடு பேசாமல் இருந்த கன்னியம்மா என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாயே என்று நினைத்தேன். லாசரஸ் அண்ணன் உங்களை நிறுத்தி, "நீங்க எந்தக் கடை ஸ்டாஃப் ஃபேமிலி" என்று கேட்டார். கன்னியம்மாதான் சொன்னாள். "நாங்க ஃபேமிலி இல்ல சார். ஜெயகிருஷ்ணன் அண்ணன் வேல செஞ்ச கடய மூட வச்சது நாங்கதான். அதான் வந்துகீறோம்."

பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் புருஷன் கடையில் நடந்த சண்டையை விலக்கப் போய் பாட்டிலால் அடிபட்டு இறந்தவர். அவள் என் காதில், "இவங்கள எதுக்கு உள்ள விடறாங்க" என்றாள். அண்ணனும் அப்படியே நின்றார். நான் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் உங்களை அனுப்பியிருப்பார்கள். அனுப்பட்டும் என்றுதான் இருந்தேன். எப்படி என்று தெரியவில்லை, "எங்க அக்கா" என்று வாயில் வந்துவிட்டது. அண்ணன், "உக்காருங்கம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். உனக்கு இடம் கொடுக்க நகர்ந்தாளா, என்னைவிட்டு நகர்ந்தாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மைக்கில் நான் பேசியதைக் கேட்டிருப்பாய். பேசினேன் என்று சொல்ல முடியாது. "ஜெயகிருஷ்ணன், எம்.காம்., மதுக்கடை விற்பனையாளர்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. மாளவிகா அதை ஃபோனில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஸ்கூல்ல நானும் அப்படியே சொல்லிக்கிறேன்மா" என்றாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஆபீஸர் வந்து மனுவை வாங்கிக்கொண்டு போனார். பார்க்கலாம் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று தோன்றவும் இல்லை. போன வாரம் ஆபீஸுக்குப் போனேன். அதே பெஞ்ச். ஆனால் பெயரைச் சரியாகச் சொன்னார்கள்.

டிரெயினில் நீ எனக்கு எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். பெருங்களத்தூரில் இறங்கும்போது நீயும் இறங்கி வருவாயோ என்று பார்த்தேன். நீ வரவில்லை. நல்லது. வந்திருந்தால் பிளாட்ஃபாரத்திலேயே சண்டை போட்டிருப்பேன், இல்லாவிட்டால் உன்மேல் சாய்ந்திருப்பேன். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்லை.

நீ செய்தது சரி என்று என்னால் எப்போதும் சொல்ல முடியாது, அக்கா. தப்பு என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். டிரெயினில் கன்னியம்மா சொன்னாள், வீட்டுக்கு எதிரே கடை இருப்பதால் இப்போது சாயங்காலம் கதவைத் திறந்து வைக்க முடிவதில்லையாம். நீ இன்னும் அவள் தெருவில் போய் உட்காரவில்லையாம். எனக்காகத்தான் உட்காராமல் இருக்கிறாய் என்று தெரியும். எனக்காக வேண்டாம். போய் உட்கார்.

உட்காருவதற்கு முன்னால் அந்தக் கடைக்குள் போ. கண்ணாடி போட்ட அந்த மனிதரிடம் அவர் வீடு எங்கே இருக்கிறது, எப்படிப் போய் வருகிறார் என்று கேள். கடையை எடுங்கள் என்று நீங்கள் எழுதுகிற அதே மனுவில், இவரை வீட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றும் எழுதுங்கள். ஒரு வரி போதும். ஊழியர் என்று எழுதாதே. அவர் பெயரைக் கேட்டு, பெயரோடு எழுது.

ரோஹிணி